அண்ணன் இடித்த கல்

டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் அன்றே நாட்குறிப்பில் எழுதிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு? இரண்டு லிட்டர் நானூறு மில்லி. குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கல்? இல்லை. சொந்தத்தில் கல்யாணமா? ஆமாம், தாய்மாமன் மகள்.

கடைசிப் பதிலில் அவர் பேனா நின்றது. சிஸ்டின் என்று ஒரு சத்து. அதைச் சிலருடைய சிறுநீரகம் இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பாமல் சிறுநீரில் விட்டுவிடும். அங்கே அது கரையாமல் கல்லாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அந்த நோய்.

"உங்க வீட்டம்மாவும் அதே வம்சம். கல்லு விழுந்தா புடிச்சிக் கொண்டாங்க. அந்த வகைன்னா உங்க பொண்ணையும் பார்த்துடணும்."

மகளுக்கு இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து புது டீ வடிகட்டியோடுதான் கழிப்பறைக்குப் போனேன்.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் போர்வெல் தண்ணீர் என்றார். தினமும் நான் பெங்களூர் ரயிலில் உட்கார்ந்தே வேலைக்குப் போவதுதான் காரணம் என்றார், அதே ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வருபவர். இரத்தத்தை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் தண்ணீரைத் திட்டுவதுதான் மரியாதை.

ஒன்பதாம் நாள் காலை 5.40க்குக் கல் விழுந்தது. நான்கு மில்லிமீட்டர், மஞ்சள். கழுவி, காகிதத்தில் மடித்து, தேதியிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். சுரங்கம் மூடும்வரை அசே ஆபீசில் பாறையைப் பொடியாக்கி, தங்கம் எவ்வளவு தேறும் என்று பார்த்தவர். என் கல்லை இஞ்சி இடிக்கும் உரலில் மாவாக்கி, தட்டில் அலசி, கலங்கலைச் சாக்கடையில் ஊற்றியும் விட்டிருந்தார்.

"இன்னாண்ணா பண்ணிட்ட?"

"டெஸ்ட் பண்ணேன்டா. அடியில ஒண்ணும் நிக்கல. வேஸ்ட் ராக்கு."

"லேபுக்குப் போவ வேண்டிய கல்லுண்ணா!"

"லேபு இன்னா புச்சா சொல்லப்போவுது? எனக்கு வந்ததுங்களும் இதே மஞ்சள்தான்."

"உனக்கா? எத்தினி?"

"சர்வீஸ்ல மூணு. அப்பால ரெண்டு. எல்லாத்தையும் இடிச்சிப் பார்த்துட்டேன்."

"நம்ம குடும்பத்துல யாருக்கும் கெடையாதுன்னு நீதானே சொன்ன?"

"பொண்ணைக் கட்டிக் குடுக்கணுமில்ல? சும்மா கெட."

மகள் எல்லாவற்றையும் கேட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் யூரின் டெஸ்ட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க பெரியப்பா. அதை இடிக்க முடியாது."

மூவரும் கொடுத்தோம். அண்ணனுக்கும் எனக்கும் சிஸ்டின் இருந்தது. மகளுக்கு நோய் இல்லை. பழுதான மரபணு ஒன்று மட்டும் என் வழியாக நிச்சயம் உண்டு, எனவே சொந்தத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்றார் டாக்டர்.

"வெளியில பார்த்தா, வர்றவங்க குடும்பத்தைப் பத்தித் தோண்டித் தோண்டிக் கேப்பாங்களேடா" என்று அண்ணன் முனகினார்.

"கேக்கட்டும் பெரியப்பா" என்றாள் மகள். "அவங்களையும் ஒரு பாட்டில்ல புடிச்சிக் கொண்டாரச் சொல்லுங்க."