பெரிய தேக்சா, சின்ன அடுப்பு

இன்று மதியம் என் கடையில், ஆயிரம் வாட்ஸ் கார் இன்வெர்ட்டர் கேட்டு வந்தவருக்கு நூற்றைம்பது வாட்ஸ்தான் விற்றேன்.

வந்தவர் லால்பேட்டை அன்சாரி, கல்யாண வீடியோக்காரர். காலையில் கடலூரில் ஒரு நிக்காஹ் எடுத்ததிலேயே கேமரா பேட்டரி, லேப்டாப் எல்லாம் காலி. மாலை சிதம்பரத்தில் வலீமா விருந்து. போகிற வழியில் காரிலேயே சார்ஜ் ஏற்றாவிட்டால் அந்த வேலை போச்சு.

"சின்னது எதுக்கு மச்சான்? எங்க ஊர்ல பிரியாணி ஆக்குற தேக்சா சின்னதா இருந்தா கல்யாண வீட்டு மானமே போயிடும்."

அவருடைய சார்ஜர்களைத் திருப்பி, பின்னால் போட்டிருந்த வாட்ஸைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து நூறு வாட்ஸ்கூட வரவில்லை.

"தேக்சா பெருசுன்னா அடுப்பும் பெருசா வேணும்ல? இன்வெர்ட்டர் கரன்ட்ட உண்டாக்காது. பேட்டரியோட பன்னெண்டு வோல்ட்ட வீட்டு கரன்ட்டா மாத்தும், அவ்ளோதான். ஆயிரம் வாட்ஸ்னா பானட்டைத் தொறந்து பேட்டரியிலயே ஒயர் மாட்டணும். இந்தச் சின்னத சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா போதும்."

"பெருச வித்தா ஒனக்குத்தானே லாபம் ஜாஸ்தி?"

"நாளைக்கே நீ சண்டைக்கு வந்தா அந்த லாபம் நிக்குமா?"

அவர் காரிலேயே சொருகிப் பார்த்தோம். லேப்டாப்பில் சார்ஜ் விளக்கு எரிந்ததும் சிரித்துவிட்டார்.

விலை ஆயிரத்து இருநூறு, பேரம் கிடையாது. கூடவே சிதம்பரத்திலிருந்து பிரியாணி ஒரு பார்சல். அது மட்டும் பெரிய தேக்சாவிலிருந்துதான் வர வேண்டும்.