ஒப்பரேசனுக்கு முன் கொடுத்த கோப்பி

கோயில் மூப்பரே, என் புருஷனின் வயிற்றுத் தையல் பிரிந்ததற்கு நீர்தான் காரணம். இத்தனை வருடம் கழித்தும் இதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி முடியவில்லை. கரைவலை இழுத்து இழுத்து இவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. சிலாபம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீரும் கூடாது, ஈதர் கொடுக்கும்போது வயிற்றில் எதுவும் இருந்தால் ஆபத்து என்று தாதி மிஸ்ஸி முதல்நாளே சொன்னாள். எங்களுக்கு அது புதிதல்ல. மாதா கோயிலில் நன்மை அப்பம் எடுப்பதற்கு முன்னும் அப்படித்தான் பட்டினி இருப்போம்.

விடிந்ததும் பங்குச் சுவாமி வந்து இவருக்கு நன்மை கொடுத்துவிட்டுப் போனார். கூட வந்த மூப்பர் நின்றுவிட்டார். நான் உடுப்பு அலசிவிட்டு வந்தபோது மூப்பர் கையில் வெறுங்கோப்பை, இவர் வாயில் கோப்பியில் தோய்த்த பாண் துண்டு.

"என்ன மூப்பர் இது? ஒண்டும் குடுக்கப்படாதெண்டு மிஸ்ஸி சொன்னவ."

"நன்மை எடுத்தாச்சு பிள்ள, ஒருசந்தி முடிஞ்சுது. வெறுவயித்தோட அறுக்க அவன் என்ன மீனா?"

இவர் சிரித்தார். "சும்மா இரு. மூப்பருக்குத் தெரியாததா?"

"மிஸ்ஸியிட்ட சொல்லிப்போடாத, என்னை ஏசுவா" என்றார் மூப்பர். நான் சொல்லவில்லை. அது என் பிழை.

மயக்கம் தெளியும்போதே வாந்தி. கோப்பி, பாண், பிறகு பச்சைத் தண்ணீர். மூச்சில் அடைக்காமல் தாதி தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். குமட்டல் அடங்க, வினாகிரிக் காடியில் நனைத்த துணியை மூக்கருகே வைத்தாள். குமட்டும்போதெல்லாம் தலையணையால் தையலை அழுத்தச் சொன்னாள், நான் அழுத்தினேன். தண்ணீர் கேட்டுக் கத்தினார். உதட்டை மட்டும் நனைத்தாள். பின்னேரம் சோடா உப்புக் கலந்த வெந்நீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது தையல் பிரிந்திருந்தது.

திரும்பவும் ஈதர், திரும்பவும் தையல். அந்தமுறை வெறும் வயிறு. இரண்டுதரம் வாந்தி எடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவரால் வலை இழுக்க முடியவில்லை. கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தினார்.

மூப்பர் ஊரில் என்ன சொன்னார் தெரியுமா? "வினாகிரிய மணக்கக் குடுத்து மிஸ்ஸிதான் அவனச் சத்தியெடுக்க வச்சவ." அதை நம்பி எத்தனை பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

மூப்பரே, என் பிழையை நான் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையுமுன் கோயில் வாசலில் நின்று பதில் சொல்லும்: அந்தப் பெண்ணின்மேல் ஏன் பழி போட்டீர்?