தளபதியின் சாதி

நாடகக் கம்பெனியில் எனக்குப் பிராம்ட்டர் வேலை. பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் தடுமாறும் நடிகருக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். கைதட்டல் அவருக்கு, தொண்டைக்கட்டு எனக்கு. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பேர்போன நாடகத்தில் கதாநாயகன் ஒரு தளபதி. எங்கிருந்தோ வந்தவன். போரில் ஜெயித்து ராஜா மகளைக் கேட்பான். கடைசியில் ராஜாவின் ஆட்களே அவனைக் கொன்றுபோடுவார்கள். நடுவில் சபையில் ராஜா கேட்பார், "உன் குலம் என்ன?" நாடகம் எழுதியவர் அதற்குப் பதில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் முதலாளிக்கு அது சௌகரியமாகிவிட்டது. எந்த ஊரில் யார் நாடகம் வைக்கிறார்களோ, அன்றைக்குத் தளபதி அவர்கள் சாதி. பூம்புகார்ப் பக்கம் போனால் கடலோடி, சுவாமிமலைப் பக்கம் போனால் சிலை வார்க்கும் குலம். வெட்கக்கேடுதான். ஆனால் சாகிற வீரன் தங்கள் ஆளாக இருந்தால்தான் ஜனங்களுக்கு நன்றாக அழ வந்தது.

கழக ஆட்சி வந்த புதிது. திருவாரூருக்குக் கிழக்கே ஓர் ஊர். கூலித் தகராறில் அறுவடை நின்று, கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. நாடகம் வைத்தவர் அந்த ஊர்ப் பண்ணையார். வேஷம் கட்டும் இடத்துக்கே வந்து சொன்னார்.

"தளபதி எங்க ஆளுன்னு நல்லா அழுத்திச் சொல்லணும். தரையில ஒக்காந்திருக்கிறவனுங்க காதுல விழணும்."

தளபதி வேஷம் ரத்தினத்துக்கு. அவன் பிறந்தது அக்கம்பக்கத்து ஊர் ஒன்றில், நடவாட்கள் தெருவில். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், பண்ணையாருக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் உடம்பு முழுசாக ஊர் திரும்பாது. முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

"அவன் மொகமே சரியில்ல. வசனத்த நீங்க கெட்டியா எடுத்துக் குடுங்க."

சபைக் காட்சி வந்தது. ராஜா குலத்தைக் கேட்டார். ரத்தினம் பேசாமல் நின்றான். நான் பண்ணையார் சொன்ன பதிலை எடுத்துக் கொடுத்தேன். அசையவில்லை. மறுபடி உரக்கவே கொடுத்தேன். என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சுண்ணே" என்றான், முன்வரிசைக்கும் கேட்கும்படி. பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டான்.

"எங்கம்மா நடவாளு மவராசா. அப்பா பண்ணையாளு. எங்க தெரு வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கு. உங்க ஆளுங்க யாரும் வந்து பாத்திருக்க மாட்டாங்க."

தரையில் இருந்த சனத்துக்குக் கைதட்டக்கூடப் பயம். பண்ணையார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "படுதாவப் போடுய்யா!" படுதாக் கயிறு முதலாளி கையில் இருந்தது. ராஜா வேஷக்காரர் வசனம் மறந்துபோய் என்னைப் பார்த்து விழித்தார்.

நான் ராஜாவின் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். "உன்னைப் போல் ஒரு வீரன் என் நாட்டில் இல்லை." அவரும் அதை அப்படியே முழங்கினார்.

"ஆமாஞ்சாமி!" என்று தரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். அதன்பின் எழுந்த கைதட்டலில் பண்ணையார் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த வட்டாரத்தில் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. நாடகம் முடிந்ததும் ரத்தினத்தைப் படுதாச் சுருள்களுக்கு நடுவே படுக்கவைத்துத்தான் ஊரைத் தாண்டினோம். வண்டியில் அவன் அழுதுகொண்டே வந்தான். பயமா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. எங்கம்மா இருந்து கேக்கலியே."

பிள்ளைகளே, மேடையில் ஒருவன் வாய்மூடி நின்றால் உடனே வார்த்தையை நீட்டாதீர்கள். முதலில் அவன் முகத்தைப் பாருங்கள். சொல்வதற்கு அவனிடமே ஒன்று இருக்கலாம்.