ஸ்கேனர் சத்தத்தை நம்பி ஒட்டிய லேபல்

எந்த வேலையிலும் நிலைக்காதவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்த சில வாரங்களிலேயே, கடைக் கணினித் திரையின் ஓரத்தில் ஓர் இணையதளத்தைத் திறந்து வேறு வேலை தேடத் தொடங்கினேன்.

அன்று வயதான உம்மா ஒருவரின் குளிசைப் பெட்டியை ஸ்கேன் செய்தேன். 'பீப்' என்றது. திரையைப் பார்க்காமல் லேபலை அச்சிட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

வாசலில் அவர் திரும்பினார். "மகன், எனக்கு பிரஷர் மட்டுந்தான். இந்த லேபல்ல சீனி வருத்தத்துக்குக் குளிசை, மூணு வேளைண்டு எழுதி ஈக்கி!"

பெட்டியில் இருந்தது நாளுக்கு ஒன்றே விழுங்க வேண்டிய பிரஷர் குளிசை. பெட்டியின் எண், மருந்து மென்பொருளுக்குப் போகாமல் நான் வேலை தேடிய தளத்தின் தேடல் கட்டத்தில் விழுந்திருந்தது. அச்சானது, அவருக்கு முன் வந்துபோன நீரிழிவுக்காரரின் லேபல்.

முதலாளி திரையைப் பார்த்தார். "என்னடா, மருந்துக்கா வேல தேடுற?"

இப்போதும் வேலை தேடுகிறேன், கடைக்கு வெளியே, என் கைத்தொலைபேசியில். உள்ளே, லேபலிலும் பெட்டியிலும் ஒரே மருந்தின் பெயரா என்று வாசிக்காமல் எதையும் கொடுப்பதில்லை.