தங்கப் பல்லில் தடவிய கிரீஸ்

எனக்கு லாரி ஓட்டத் தெரியும். ஸ்கூட்டியைத் தாண்டி வேறு வண்டியை நிஜத்தில் தொட்டதில்லை, ஆனாலும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மரக்காணத்தில் எங்கள் வீட்டு உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன் என்றால், ஏதோ ஒரு குளிர் தேசத்து மலைப் பாதையில் பதினாறு சக்கர லாரியை இறக்கிக்கொண்டு போவேன். எனக்கு முன்னால் இன்னொரு லாரி போகும். அதை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு லேப்டாப், இங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், நடுவில் ஒரு கேம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏன், போனில் பேச முடியாதா என்று கேட்பீர்கள். தினமும்தான் பேசுகிறோம். போன் வந்ததும் மாமியார், "ஸ்பீக்கர்ல போடும்மா" என்பார். அங்கே என் வீட்டுக்காரர் அறையிலோ ஆறு பேர். கேஸ் வந்துதா, முட்டி வலி எப்படி இருக்குது, மழை பெஞ்சுதா, அவ்வளவுதான் போன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அறைக்காரர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே மாமியார் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். அப்போது வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்தான். பார்த்தால் சண்டை வரும். "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க" என்று நான் ஆரம்பிப்பேன். "நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க" என்பார் அவர். கேமில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஹெட்போனில் பேசினால் மட்டும் எங்கள் ரெண்டு பேருக்கும் வாய் ஒழுங்காக இருக்கும். அதனால் முக்கியமான பேச்சு எதுவானாலும் ரோட்டில்தான் என்று வைத்துக்கொண்டோம்.

போன வருஷம் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிற நேரம். கம்பெனியில் பேப்பர் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம், போடவில்லை என்றால் ஊருக்கு. "மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். வெள்ளிக்கிழமை ரோட்ல பேசிக்கலாம்" என்றார். நான் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வந்துடுங்க. ஒரே ஒரு வார்த்தை. கல்யாணமாகி ஆறு வருஷம், அதில் சேர்ந்து இருந்தது ஒரு வருஷம்கூட வராது. ஆனால் அந்த வார்த்தையை மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமைதான் கம்ப்யூட்டர் காலை வாரியது. அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. கேமில் படம் காட்டுவது அதன் வேலை. கேமுக்குப் புது அப்டேட் வர வர, பாவம், அதற்கு மூச்சு வாங்கியது. செட்டிங்கை எல்லாம் இருப்பதிலேயே கீழே இறக்கி வைத்திருந்தோம். மரம் எல்லாம் கீரை மசியல் மாதிரி தெரியும். மழை என்று அவர் சொல்வார், எனக்கு வெறும் சாம்பல் நிறம்தான். வளைவு வந்தால் என் லாரி விக்கி விக்கி நிற்கும். அவர் டோல்கேட்டில் காத்திருப்பார். அன்றைக்கு லாரியைக் கிளப்பி இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும், திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கோடு கோடாக வந்து அப்படியே நின்றுவிட்டது.

போனை வீடியோவில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்லப் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினேன். அதன் அடியில் தங்க நிறத்தில் ஒரு பல்வரிசை இருக்கும். அதுதான் உள்ளே போய்ச் செருகிக்கொள்கிற இடம். பாதிப் பல் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது.

"உப்புக் காத்து தின்னுடுச்சுடி" என்றார். "நான் வேற கார்டு அனுப்புறேன். இதவிட நூறு மடங்கு நல்லாத் தெரியும். வந்தா நீ எதையும் தொடாத. வெள்ளிக்கிழமை நான் வீடியோல வந்து சொல்றேன், அப்புறம் மாட்டு."

அவருடன் வேலை செய்கிற, எங்கள் பக்கத்துப் பிரம்மதேசம் ஊர்க்காரர் ஒருவர் அந்த வாரமே லீவில் வந்தார். வேட்டிக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து வியாழக்கிழமை கொடுத்துவிட்டுப் போனார். பழையதைவிட இரண்டு மடங்கு நீளம். மூன்று ஃபேன். கையில் வாங்கினால் நல்ல கனம். மாமியார் அதற்கும் குங்குமம் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நான் உப்பளத்துக்காரர் மகள். அப்பாவின் குத்தகைப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற இரண்டு டீசல் இன்ஜினையும் இப்போது பார்த்துக்கொள்வது நான்தான். இன்ஜின் எங்கே மக்கர் பண்ணினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. எங்கள் பக்கம் இரும்பாக எது புதிதாக வாங்கினாலும் முதல் வேலை கிரீஸ்தான். நட்டு, போல்ட்டு, கேட்டுக் கீல், சைக்கிள் செயின், எதுவானாலும் கிரீஸ் தடவாமல் உப்பங்கழி ஓரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. அப்பா வீட்டில் கேஸ் அடுப்பின் காலுக்குக்கூடத் தடவியிருக்கிறோம். பழைய கார்டின் பச்சைப் பல்லைப் பார்த்ததில் இருந்தே எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் அதற்கு யாரும் ஒரு சொட்டு கிரீஸ் வைக்கவில்லையே, அப்புறம் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிரீஸ் டப்பாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தங்கப் பல்லாகப் பார்த்து, தலைக்கு எண்ணெய் வைக்கிற பொறுமையோடு இரண்டு பக்கமும் தடவினேன். கார்டு செருகுகிற சந்துக்குள்ளும் குச்சியால் கொஞ்சம் விட்டேன். சும்மா வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. சாயங்காலம் அவர் வீடியோவில் வரும்போது, "நான் எப்பவோ மாட்டிட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் மூன்றும் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றித் துணியால் துடைத்து மறுபடி மாட்டினேன். கறுப்புதான். டேபிள் எல்லாம் கிரீஸ், என் கை எல்லாம் கிரீஸ்.

நாலு மணிக்குப் போன் வந்தது.

"கரண்ட் இல்லைங்க" என்றேன்.

"மதியம் அம்மா எங்கிட்ட பேசிட்டு இருக்கச்சொல்ல ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சே?"

"அப்போ இருந்துது. இப்போ போயிடுச்சு."

தொடாதே என்று சொன்னதைத் தொட்டேன், அதுவும் கிரீஸ் தடவினேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் வயர் மாட்டத் தெரியாமல் மாட்டிய இரண்டு இன்ஜினை நான் சரி பண்ணி, ஊர் பூராவும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அவர் தங்கியிருக்கிற கேம்ப் பூராவும் சிரிக்கும்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். பெருமுக்கல் வரைக்கும் பக்கத்து சீட்டு அம்மா அது தையல் மிஷினா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, இன்னா இது? மாட்டு வண்டி அச்சுக்கா மை போட்டு வெச்சிருக்கீங்க?"

"உங்க ஊர்ல உப்புக் காத்து அடிச்சா நீங்களும் போடுவீங்க" என்றேன். என் வாய் எங்கேதான் சும்மா இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கார்டு சாகலம்மா, பயப்படாதீங்க. கிரீஸு சந்துக்குள்ள இறங்கி அடைச்சிக்கிச்சு, கரண்டு எப்படிப் போவும்? ஸ்பிரிட்டு ஊத்தி பிரஷ் போட்டுக் காய வெக்கணும், மறுபடி ஊத்தணும். சனிக்கிழமை வாங்க."

சனிக்கிழமை என்றால் இன்னொரு வெள்ளிக்கிழமை போச்சு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில், "இன்னைக்காவது வருவியா?" என்றார். இன்ஜின் ரிப்பேர், பாத்திக்குப் போகிறேன் என்றேன்.

"போன வாரமும் வரல. நீ அந்தப் பேச்சப் பேச வேணாம்னு பாக்குறியா?"

மடியில் மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டது மாதிரி எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிரீஸ் விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான், அவர் மேல் கோபமே இல்லை. ஆனால் வந்தது என்னவோ கோபமாகத்தான் வந்தது.

"எனக்கு இங்க வேற வேலையே இல்லையா? நீங்க கூப்புடச்சொல்ல எல்லாம் வந்து உக்காரணுமா?"

"சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் பெட்டி வந்தது. வீட்டில் வைத்துப் போட்டுப் பார்த்தேன், கும்மென்று படம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். போனில் தினமும் பேசினோம், கேஸ், முட்டி, மழை. மாசக் கடைசிக்கு நாள் இருக்குது, வெள்ளிக்கிழமை திடீரென்று ரோட்டில் போய் நின்று அசத்துவோம், அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லுவோம் என்று இருந்துவிட்டேன். அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததும் தெரிந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கே உட்கார்ந்து செட்டிங்கை எல்லாம் உச்சத்தில் ஏற்றினேன். அடேங்கப்பா! மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக விழுந்து வழிந்தது. ஊசி ஊசியாக இலை வைத்த மரங்கள். ஈர ரோட்டில் விளக்கு வெளிச்சம். முன்னால் நின்ற அவர் லாரியின் மட்கார்டில் சேறுகூடத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வந்துட்டியா?" என்றார். நம்பாத குரல்.

லாரியைக் கிளப்பினோம். முதல் வளைவு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிரீஸ், கறுப்புத் திரை, கரண்ட் போயிடுச்சு என்ற பொய், திண்டிவனத்துக்காரர் அச்சு மை என்றது. அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

"கிராபிக்ஸ் கார்டுக்கு கிரீஸாடி! யாராவது கேட்டாக் காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். அத விடுங்க" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு நீங்க இல்லாம முடியலங்க. வந்துடுங்க."

முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது. இரண்டு சிவப்பும் ஈர ரோட்டில் நீளமாக விழுந்தன. நடு மலையில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டார்.

"நேத்துதான் போட்டுக் குடுத்தேன்" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டேனேம்மா."

கேட்டார்தான். போன வெள்ளிக்கிழமை, என்னிடம், அவருக்குத் தெரிந்த மாதிரி கேட்டார். வேற வேலை இல்லையா என்று சொன்னது நான். அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். கம்பெனியில் அதெல்லாம் நடக்காது என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

என் லாரியை மெதுவாக அவர் லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இத்தனை நாளில் பக்கத்தில் நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு நிழல்தான் தெரியும். நான் அதை அவர் என்றே வைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது பளிச்சென்று தெரிந்தது. செம்பட்டைத் தாடி வைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொப்பி போட்டிருந்தான். கண்கூட இமைத்தான்.

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"கிளம்பலாமா? ரோட அடைச்சிட்டு நிக்கிறோம்" என்றார்.

"கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றேன்.