கை கழுவுவதிலேயே போன மதியச் சோறு

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். மெஷின் எண்ணெய் சோற்றோடு வயிற்றுக்குள் போய்க் கொன்றுவிடும் என்று ஒரு பயம் பிடித்தது. சாப்பாட்டு நேரம் முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன். மணி அடித்ததும் பட்டினியாக மெஷினுக்குத் திரும்புவேன்.

“கை கழுவியே வயிறு ரொம்பிடுமாடா உனக்கு?” என்பார் கேன்டீன் மேரி அக்கா.

ஒருநாள் ஓடும் லேத் மேலேயே மயங்கிச் சாய்ந்தேன். பக்கத்து மெஷின் மஞ்சுநாத் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் முகமே போயிருக்கும்!

அல்சர் என்று நினைத்துக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர், கழுவிக் கழுவி வெடித்திருந்த என் விரல்களைப் பார்த்துக் காரணம் கேட்டார்; சொன்னேன். “வயித்துல ஒண்ணுமில்லப்பா. இது ஓசிடி, ஒரே பயத்துல திரும்பத் திரும்பக் கழுவ வைக்கிற மனசு நோய். அதுதான் உன்னைச் சாப்பிட விடல. சரி பண்ணலாம்” என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இதற்கு ஒரு பேர் இருக்கிறதே, மருந்தும் இருக்கிறதே!

மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது ஒரே தடவை கழுவிவிட்டு, பயம் இருக்கும்போதே மஞ்சுநாத் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று மறுசோறு கேட்டேன்!

“குழாய்க்கு லீவு விட்டுட்டியாடா?” என்று சிரித்தபடி மேரி அக்கா அள்ளி வைத்தார். அதையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மணி அடித்தது.