செருப்புப் போட்டுக்கொண்டு கேட்ட பாட்டு

ரெக்கார்டு பிளேயரின் இரைச்சலைத் தேடிப் போகிறவன் கடைசியில் யாரோ ஒருவரின் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பான். ஒரகடம் கம்பெனியில் தொழிற்சங்கம் வைத்து வேலையை இழந்த நான், இப்போது ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். அதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

தொங்கிய வயர்

வடக்குப்பட்டில் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வம் தூத்துக்குடிக்காரன். கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் என்றான். பிளேயரிலிருந்து வரும் எர்த் வயர் எதிலும் சேராமல் கட்டிலுக்குப் பின்னால் தொங்கியது. அதை ஆம்ப்ளிஃபயரின் திருகில் முடுக்கினேன். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொட்டேன், விரலில் ஷாக் சுண்டியது.

"அது எப்பமும் உள்ளதுதான் அண்ணாச்சி. நான் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் பாட்டு கேக்கேன்."

மூன்றாவது ஓட்டை

பிளக் பாயின்டைக் கழற்றினேன். எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எல்லா அறையிலும் அப்படித்தான். குளியலறையில் ஈரத் தரையில் நின்றுகொண்டு வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பக்கெட்டில் போடுகிறார்கள். ஒருநாள் எவனாவது செத்துப்போவான் என்று கீழே இருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அறைகள் கட்டியவர்.

"கட்னதுலேர்ந்து ஒருத்தனும் சாவல. உனக்கு இன்னாபா, சங்கம் இல்லாம கை அரிக்குதா?"

மொட்டை மாடி

அரித்தது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மொட்டை மாடியில் கூட்டினேன். எர்த் போடும்வரை விடக்கூடாது என்றேன், தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஒவ்வொருவனுக்கும் ஓவர்டைம் நினைவு வந்துவிட்டது. செல்வம் மட்டும் மாட்டிக்கொண்டான். "நீதான் லீடரா? ரூமு வேணுமா வேணாமா?" என்றார் அவர். செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல ஓனர். பாட்டுல லேசா இரைச்சல், அம்புட்டுத்தான்."

குழி

அடுத்த வாரம் வீட்டுக்காரரின் மருமகளைக் கிரைண்டர் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. பிழைத்துக்கொண்டாள். உடனே வீட்டுக்காரரிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. கீழ்வீட்டுக்கு மட்டும் எர்த் போதும் என்றார். குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கினேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் மாடி அறைகளுக்கும் வயரை இழுத்துவிட்டேன். வந்து பார்த்தவர் கீழ்வீட்டுக்குப் பேசிய கூலியை மட்டும் எண்ணிக் கொடுத்தார். செல்வம் வெறுங்காலோடு நின்று ரெக்கார்டைப் போட்டான். இரைச்சல் துளியும் இல்லை.

"பாத்தியளா அண்ணாச்சி, கூட்டம் கீட்டம்னு எதுவும் வேண்டாம். ஓனர் நல்ல மனுசன், கேக்காமலே செஞ்சு குடுத்திட்டாரு."

என் போராட்ட வாழ்க்கையில் கோரிக்கை முழுதாக நிறைவேறியது அந்த ஒரு தடவைதான், அதுவும் நிர்வாகத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.